ஒரே கரையின் இரண்டு தெருக்கள்

சென்னை ராஜாஜி சாலையையும் பழவேற்காட்டுக் கடைத்தெருவையும் அருகருகே வைத்துப் பேசப்போகிறேன் என்றால், மலையையும் மடுவையும் முடிச்சுப் போடுகிறாயே என்று சிரிப்பார்கள். சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ராஜாஜி சாலையில் ஜார்ஜ் கோட்டைக்குள் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி, உயர்நீதிமன்றம், ஆட்சியரகம், ஸ்டேட் வங்கி, தலைமை அஞ்சலகம் என்று வரிசை நீள்கிறது. கிழக்கே நெடுகத் துறைமுகத்தின் மதில். பழவேற்காட்டில் ஒரு பேருந்து வந்து திரும்புவதற்குள் தெரு அடைத்துவிடும். பரோட்டாக் கடை, வலைக்கடை, ஐஸ் ஏற்றும் மினி லாரி, கடைசியில் ஏரிக்கரைப் படகுத்துறை, அவ்வளவுதான். ஆனாலும் இரண்டையும் பிறப்பித்தது ஒரே வியாபாரம். இரண்டுக்கும் சோறு போட்டது ஒரே கடல். வயதில் மூத்தது பழவேற்காடு.

போர்த்துகீசியர் காலத்திலேயே பழவேற்காடு பேர்பெற்ற துறைமுகம். அங்கே உள்ள மகிமை மாதா ஆலயம் 1515இல் எழுந்ததாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு டச்சுக்காரர்கள் பண்டசாலை போட்டார்கள். இரண்டே வருடத்தில் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதை அடித்து நொறுக்கினார்கள். இனிமேல் துணிமூட்டையைக் காக்கப் பீரங்கி வேண்டும் என்று முடிவாகி, 1613இல் ஜெல்ட்ரியா கோட்டை எழுந்தது. டச்சு வணிகக் குழுமத்தின் சோழமண்டலக் கரை முழுவதற்கும் 1690 வரை இதுதான் தலைமையிடம். காசும் இங்கே அடித்தார்கள், வெடிமருந்தும் இங்கே செய்தார்கள். உள்நாட்டு நெசவாளர் நெய்த கட்டம்போட்ட துணியும் சாயத்துணியும் இங்கிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போய், அங்கே மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றாயின. பாளையகாட் லுங்கி என்று இன்றும் கடைகளில் விற்பது இந்த ஊரின் பேரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. பஞ்சமும் போரும் வந்த வருடங்களில் துணியோடு மனிதர்களையும் கப்பலேற்றினார்கள். அடிமை வியாபாரத்தில் பழவேற்காட்டுக்கு இருந்த பங்கு சின்னதல்ல. டச்சு மரபு, டச்சு மரபு என்று உருகிப் பேசுகிறவர்கள் இந்த இடம் வரும்போது மட்டும் பேச்சை மாற்றிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். சென்னைக் கோட்டையின் கையும் சுத்தமில்லை. அங்கேயும் அந்த வியாபாரம் நடந்து, 1688இல்தான் தடை போட்டார்கள்.

ஆங்கிலேயரின் சென்னைக் கதையும் இந்த ஏரியோரத்திலிருந்தே கிளம்புகிறது. 1620களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பழவேற்காட்டில் ஒண்டுக்குடித்தனம் நடத்திப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. ஏரியின் வடகோடிக்கு அப்பால் உள்ள துர்க்கராஜபட்டினத்துக்குப் போய் ஒரு பண்டசாலை வைத்தார்கள். ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த ஊர் அது. அங்கும் துணி சரியாகக் கிடைக்கவில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடி வந்து, 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் மதராசபட்டினத்தில் மணல்மேடு ஒன்றைப் பெற்றார். 1640இல் ஜார்ஜ் கோட்டை. டச்சுக்காரருக்கு வடக்கே பழவேற்காடு, போர்த்துகீசியருக்குத் தெற்கே சாந்தோம், நடுவில் மூன்றாவதாக ஒரு கட்சி உட்கார்ந்தால் நமக்கு நல்லது என்ற கணக்கு நாயக்கர் வீட்டிலும் இருந்தது. ஆக, சென்னையின் முதல் தெரு பழவேற்காட்டில் இடம் கிடைக்காதவர்கள் போட்ட தெரு.

அந்நாளில் இரண்டு இடத்திலும் கப்பல் கரைக்கு வராது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். பழவேற்காட்டில் ஏரிவாய் ஆழமில்லாதது. கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, சிறு படகுகள் சரக்கை முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் கொண்டுவந்து கோட்டையடியில் இறக்கும். சென்னையில் அந்த வசதியும் கிடையாது. திறந்த கடல், மூன்று வரிசை அலை. அலைக்கு வெளியே நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஓடியது மசூலா படகு. ஆணி ஒன்றுகூட அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஆணியடித்த படகாக இருந்தால் அலை தரையில் போட்டு அறையும்போது விரிசல் விட்டுவிடும். தைத்த படகு நெளிந்துகொடுத்து மீளும். பின்னால் நிற்கும் தண்டல் அலையை எண்ணிக்கொண்டே வந்து, சரியான அலையின் முதுகில் படகை ஏற்றி விடுவார். கவர்னரானாலும் சரி, புதுமணப்பெண்ணானாலும் சரி, கடைசிப் பத்து கஜத்தைப் படகோட்டியின் தோளில் உட்கார்ந்துதான் கடக்கவேண்டும். படகு போகமுடியாத நாளில் கட்டுமரக்காரர் போவார். கப்பலுக்கான கடிதத்தை ஓலைத் தொப்பிக்குள் நனையாமல் செருகிக்கொண்டு நீரில் பாய்வார்.

அந்தக் காலத்துச் சித்திரங்களில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பின்னணியில் வெள்ளைத் தூண் வைத்த கட்டடங்கள், முன்னால் அலை, நடுவில் கறுத்த உடம்புகள். ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று அன்று அழைக்கப்பட்ட ராஜாஜி சாலையின் கட்டடங்கள் எல்லாம் கடலைப் பார்த்து முகம் வைத்து நின்றன. தெருவும் கரையும் வேறுவேறாக இருக்கவில்லை. மீனவர் இல்லாமல் ஒரு துணிமூட்டை ஏறாது, ஒரு துரை இறங்கமாட்டார். கம்பெனியின் முழுக் கஜானாவும் பட்டினவர் என்னும் மீனவர்களின் தோளில் ஏறித்தான் வந்தது.

பிறகு துறைமுகம் வந்தது. 1861இல் இரும்புத் தூண்கள் நட்டு ஒரு பாலம் கடலுக்குள் நீட்டினார்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கடலுக்குள் இரண்டு கற்கரங்கள் வளரத் தொடங்கின. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அந்தக் கரங்களை முறித்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலையே கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றினார். கப்பல் கரைக்கே வந்தது. மசூலா படகு போயிற்று, தோளில் தூக்கியவரும் போனார். இதே காலத்தில்தான் தெருவில் பெரிய கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. சிஸம் வடிவமைத்த தலைமை அஞ்சலகம் 1884இல், உயர்நீதிமன்றம் 1892இல், இன்று ஸ்டேட் வங்கி இருக்கும் மெட்ராஸ் வங்கிக் கட்டடம் 1897இல். சிவப்புச் செங்கல்லும் கும்மட்டமுமாக மூன்றும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவை பார்த்து நிற்பதற்குக் கடல் இல்லை. கிடங்கும் ரயில் தண்டவாளமும் மதிலும் குறுக்கே வந்துவிட்டன. இன்றைக்கு ராஜாஜி சாலையில் நடந்துபோகிறவர் உப்புக்காற்றை உணரலாம், கப்பலின் புகைபோக்கியைக்கூட மதிலுக்கு மேலே பார்க்கலாம். தண்ணீரைப் பார்க்கமுடியாது.

பழவேற்காட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. டச்சுக்காரர் தலைமையிடத்தை 1690இல் நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோனார்கள். நாகப்பட்டினம் 1781இல் கைநழுவியதும் திரும்பி வந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1818இல் திருப்பிக் கொடுத்தார்கள், 1825இல் ஒரேயடியாக வாங்கிக்கொண்டார்கள். கோட்டையை இடித்தாயிற்று. இன்று அகழியும் முள்காடும்தான் மிச்சம். வியாபாரம் போனது, தண்ணீர் மட்டும் போகவில்லை. தெரு இன்னும் ஏரியில்தான் போய் முடிகிறது.

தெருவை ஒட்டி நின்று பார்க்கவேண்டியவை சில உண்டு. முதலில் டச்சுக் கல்லறை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன, ஒன்று மணற்கடிகாரத்தோடு, இன்னொன்று மண்டையோட்டோடு. உள்ளே நுழைகிறவனுக்கு உன் நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்ல வைத்தவை. கல் பலகைகளில் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னமும் இன்றும் விரல் வைத்துத் தடவிப் படிக்கும்படி இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே புதைந்தவர்களில் வியாபாரிகளும் உண்டு, அவர்களுடைய மனைவி மக்களும் உண்டு. கப்பல் பயணத்தையும் காய்ச்சலையும் தாண்டி வாழ்ந்தவர்கள் குறைவு. இந்த ஊரில் 1630களில் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் தமிழகத்து இந்துக்களின் வழிபாட்டையும் வழக்கங்களையும் கேட்டறிந்து எழுதிய நூல் 1651இல் நெதர்லாந்தில் வெளியானது. இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பா விரிவாகப் படித்த முதல் நூல்களில் அது ஒன்று. எழுதுவதற்கான கேள்வி-பதில் நடந்தது இந்த ஊரில்தான்.

கொஞ்சம் தள்ளி செம்பாறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில், சமயேஸ்வரர் கோயில், சூரியக் கடிகாரம் வைத்த பள்ளிவாசல், மகிமை மாதா. நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மரைக்காயர் வீடுகளில் பெண்கள் பனையோலையைச் சாயமேற்றிப் பின்னும் பெட்டிகள் சென்னைக் கடைகள்வரை போகின்றன. எனக்கு இவற்றில் வருத்தம் ஒன்றுதான். பழவேற்காட்டைப் பார்க்க வருகிறவர் கல்லறையைப் பார்த்து, படம் பிடித்து, நண்டு வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். இங்கே முக்கியமான இடம் கல்லால் ஆனதல்ல என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

பழவேற்காட்டின் பெரிய தெரு ஏரிதான். சில்கா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் உப்புநீரைக் கொண்டுவருகிறது. இந்த இரண்டும் கலக்கிற அளவைப் பொறுத்துத்தான் மடவை, கொடுவா, கிழங்கான், இறால், நண்டு எல்லாம். குப்பங்கள் தண்ணீரைச் சுற்றி இருக்கின்றன. லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பாலம் வந்துவிட்டாலும் இன்னும் பல இடங்களுக்குப் படகுதான் வண்டி. ராஜாஜி சாலையில் பாரிமுனை எங்கே என்று கேட்டால் எப்படி யாரும் கை காட்டுவாரோ, அதுபோல ஏரியில் நீரோட்டம் எங்கே வேகமெடுக்கிறது, எந்தத் திட்டில் படகு தட்டும் என்பதெல்லாம் பையன்களுக்கும் தெரியும்.

இந்தத் தெருவின் தலைவாசல் முகத்துவாரம். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு அதை அடைத்துவிடும். அடைத்துவிட்டால் ஏரிநீர் வெயிலில் உப்பேறும், இறால் குஞ்சு உள்ளே வராது, ஃபைபர் படகு வெளியே போகாது. வடகிழக்குப் பருவமழை வந்து ஆற்றுவெள்ளம் முட்டித் தள்ளினால் மறுபடி திறக்கும். மழை பொய்த்த வருடத்தில் குப்பங்களே தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி மணலைத் தோண்டும். காலையில் படகுத்துறையில் எதிர்ப்பட்டவரிடம் முதலில் கேட்கிற கேள்வி முகவாய் திறந்திருக்கிறதா என்பதுதான். உயர்நீதிமன்றம் விடுமுறையில் இருந்தால் ராஜாஜி சாலை கொஞ்சம் காலியாகத் தெரியும். முகத்துவாரம் மூடினால் பழவேற்காட்டில் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுவது நிற்கும், நகை அடகுக்கடைக்குப் போகும்.

ஒரு தெருவை அறிய அதன் கட்டடங்களைவிட, அங்கே யார் எங்கே நிற்கலாம் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைக் கேட்பது நல்லது. ராஜாஜி சாலையில் இதற்கு உதாரணம் பர்மா பஜார். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் அங்கே தலைமுறைகளாகக் கடை வைத்திருந்த தமிழர்கள் கையில் பையோடு விரட்டப்பட்டுச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இறங்கிய இடத்துக்கு எதிரிலேயே, 1969இல், நடைபாதையில் அவர்களுக்குக் கடைகள் கொடுக்கப்பட்டன. ஆறேழு அடி அகலத்தில் ஒரு பெட்டி. வெளிநாட்டு வாசனைத் தைலம், டேப் ரிக்கார்டர், பிறகு வீடியோ கேசட், சிடி, செல்போன் என்று காலத்துக்கு ஏற்றபடி சரக்கு மாறியது. கடைகளும் பல கைகள் மாறின. ஓர் இடத்தை ஒருவருக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் அது சொத்தாகிவிடும். வாடகைக்குப் போகும், விலைக்குப் போகும், அகதிக்கென்று கொடுத்தது ஐம்பது வருடத்தில் அகதிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் இருக்கும். குறை சொல்லவில்லை, தரையை அளந்து கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

ஏரியில் இதே கேள்விக்கு வேறு விடை. அதற்குப் பெயர் பாடு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டம் இறாலைத் திரட்டிக்கொண்டு வரும் சில இடங்களில்தான் கழி நட்டுச் சுத்துவலை கட்டினால் பிடிபடும். எல்லாரும் ஒரே நாளில் போய்க் கட்டினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, கழியும் வலையும் மண்டையும் உடையும். ஆகவே கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவரும் முறை வைத்துக்கொள்கிறார்கள். தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் முறை உண்டு. இன்று உனக்கு இந்த இடம், அடுத்த முறை அவனுக்கு. நல்ல பாடும் சுமாரான பாடும் சுற்றிச்சுற்றி எல்லார் கைக்கும் வரும். முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும். இடத்தை யாரும் விற்கமுடியாது, ஏனென்றால் இடம் யாருக்கும் சொந்தமில்லை. சொந்தமாவது நாள் மட்டும்தான். ஆய்வாளர்கள் பலர் இதைத் தேடி வந்து எழுதியிருக்கிறார்கள். தண்ணீரைப் பட்டாப் போட்டுப் பங்கிடமுடியாத இடத்தில் காலத்தைப் பங்கிட்ட சாமர்த்தியம் அது. பர்மா பஜாரோடு ஒப்பிட்டால் பாடே அறிவுள்ள ஏற்பாடு என்பது என் கட்சி.

அப்படிச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்துவது நேர்மையில்லை. பட்டியலுக்குள் இருப்பவருக்குத்தான் பாடு நியாயமானது. ஏரிக்கரையில் தலித் மக்களும் மீன் பிடிக்கிறார்கள். இருளர்கள், அதிலும் பெண்கள், வலையில்லாமல் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். தோளில் தொங்கும் ஓலைப்பறியில் ஒன்றொன்றாகப் போடுவார்கள். இவர்களுக்குப் பாட்டில் முறையில்லை. ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறியபின் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டார்கள், மோதல்களும் நடந்தன. பட்டினவர் வீட்டிலும் முறை ஆணின் பெயரில்தான். கரையில் ஏலம் கேட்டு, கூடையில் ஐஸ் போட்டு, பொன்னேரிச் சந்தைக்கு விடியற்காலை வண்டி ஏறுகிற பெண்ணுக்குப் பட்டியலில் இடமில்லை. பர்மா பஜார் நல்லதோ கெட்டதோ, ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவருக்கு அரசு கொடுத்தது. பாடு ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குள் செய்துகொண்டது. இரண்டையும் எடைபோடும்போது இந்தக் கல்லையும் தட்டில் வைக்கத்தான் வேண்டும்.

தெருக்களில் நடந்த சம்பவங்களுக்கு வருவோம். ராஜாஜி சாலையில் நடந்தவை கல்லில் பதிந்திருக்கின்றன. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. எம்டன் என்ற சொல் தமிழில் இன்றும் புழங்குவதற்கு அந்த அரைமணி நேரம் போதுமாக இருந்தது. அந்த மதிலுக்கு எதிரிலிருந்த கடற்கரையில், 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் ஏற்பாட்டில் தொழிலாளர் கூடினார்கள். அதே நாளில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்த கூட்டத்தையும் சேர்த்து இந்தியாவின் முதல் மே தினம் அதுதான். சிங்காரவேலர் அயோத்திக்குப்பத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. தெருவிலிருந்து படகுக்காரர்கள் போன கொஞ்ச காலத்திலேயே அவர்களில் ஒருவர் அதே கரைக்குச் செங்கொடியோடு வந்தார் என்று சொல்லலாம். இன்று ஆட்சியரகக் கட்டடத்துக்கு அவர் பெயர். கூட்டம் நடந்த மணல்தான் இல்லை.

ஏரியின் சம்பவங்கள் வேறு மாதிரி. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது அந்தத் தீவுக் குப்பங்கள் காலிசெய்யப்பட்டு, சில குடும்பங்கள் பழவேற்காட்டுப் பக்கம் குடிவந்தன. 1971இலிருந்து அங்கே ராக்கெட் கிளம்புகிறது. கிளம்பும் நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். டெலிவிஷனில் ஊரெல்லாம் கைதட்டும்போது இங்கே ஒரு நாள் கூலி கரையில் கிடக்கும். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், அவற்றைப் பார்க்கக் கார்கள் வரும். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியைச் சுற்றிப் பார்க்க ஏறியவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன் பிடிக்கும் படகு உல்லாசப் படகானதன் விளைவு. அதன்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை விழுந்தது. தடை வந்தபோது இழந்தது கொஞ்சம் உபரி வருமானம், ஆனால் மீன் குறைந்த மாதங்களில் அந்த உபரியில்தான் பல வீடுகளில் உலை கொதித்தது.

இரண்டு தெருவையும் ஒரு காலத்தில் நேரடியாகச் சேர்த்தது பக்கிங்ஹாம் கால்வாய். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கி, பழவேற்காடு ஏரிவரை நீட்டினார்கள். 1870களின் கடும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக மேலும் விரிவாயிற்று. ஸ்ரீஹரிகோட்டா விறகும், ஏரியடிக் கிளிஞ்சலும் படகில் சென்னை வந்தன. பழவேற்காட்டுக்காரர் பேசின் பாலத்தில் இறங்கினால் ராஜாஜி சாலை நடந்துபோகிற தூரம். 1960களின் புயல்களுக்குப் பிறகு அந்தப் போக்குவரத்து மெல்லச் செத்தது.

இப்போது இரண்டையும் சேர்ப்பது மணல். நம் கிழக்குக் கரையில் கடல்நீரோட்டம் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே கல்லைப் போட்டால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்காகப் போட்ட கற்கரங்கள் தெற்கே மெரினாவை அகலப்படுத்தின, வடக்கே ராயபுரத்துக்கு மேலே குடிசைகளையும் தெருக்களையும் கடலுக்குக் கொடுத்தன. நாம் காலாற நடக்கிற மணல், வடசென்னை மீனவர் இழந்த மணல். எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001இல் வந்தது. அதை ஒட்டிக் காட்டுப்பள்ளியில், குப்பத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, இன்னொரு துறைமுகம் வந்தது. 2018இல் கைமாறிய அந்தத் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வைக்கப்பட்டபோது பழவேற்காட்டுக் குப்பங்கள் எல்லாம் எதிர்த்து நின்றன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய மணல்திட்டு. தெற்கே கல் வளர்ந்தால் அந்தத் திட்டு அரிக்கும் என்பதற்கு அவர்கள் ஆய்வறிக்கை படிக்கவேண்டியதில்லை.

இதற்கிடையில், முகத்துவாரம் மூடாமலிருக்க இருபுறமும் கல்சுவர் கட்டித்தரும் வேலையை அரசு 20 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தொடங்கியது. பல ஆண்டுகளாக மீனவர்களே கேட்டுவந்த வேலை அது. வாய் திறந்திருந்தால் இறால் வரும், படகு போகும், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுவரும் கடலுக்குள் நீளும் கல்தான். அதன் வடக்கே இருக்கும் குப்பங்களின் கரையை யார் அளந்துகொண்டிருக்கப்போகிறார்கள், அடைப்பு மறுபடி விழுந்தால் தூர்வாரும் செலவு அரசுடையதா, மறுபடி தலைக்கட்டு வரியா என்பதை எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது. சந்தேகப்படுகிறவர்கள் காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கடலோரச் சாலையில் ஒருமுறை போய்வரலாம். வழியெல்லாம் கொட்டிக் கிடக்கும் பாறாங்கற்கள், ஒரு துறைமுகத்துக்கு வடக்கே கரையை நிறுத்திவைக்க ஆகிற செலவைக் காட்டும்.